காற்றடிக்கத் தெரியாத இயற்பியல் வாத்தியார்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாயு விதிகளை நடத்துவது என் பிழைப்பு. பருமன் மாறாமல் சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, உதாரணத்துக்குக் கார் டயரைத்தான் இழுப்பேன். பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள். என் காரின் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மட்டும் வெகுகாலம் எனக்குத் தெரியாது. நாட்டுக்கே மோட்டார் பம்ப் செய்து அனுப்பும் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, நாலு டயருக்கு ஒழுங்காகக் காற்றடிக்கத் தெரியாமல் காலம் தள்ளியவன் நான்.

பெட்ரோல் பங்க்கில் காற்றுக் குழாயோடு நிற்கும் தம்பி கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எவ்ளோங்ணா வெக்கட்டும்?" பின்னால் வண்டிகள் காத்திருக்கும். அந்த அவசரத்தில் "நார்மலா வைப்பா" என்பேன். அவனும் 35 வைத்து அனுப்புவான். சின்ன வண்டி, பெரிய வண்டி, ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறிய வண்டி, எதற்கும் அங்கே 35தான் நார்மல். அவன்மீது தப்பில்லை. வண்டிக்காரனுக்கே தெரியாத எண்ணை அவன் எங்கே போய்த் தேடுவான்?

ஒருநாள் மானம் பொறுக்காமல் குனிந்து டயரையே படித்தேன். அதிகபட்ச அழுத்தம் 44 பிஎஸ்ஐ என்று ஆங்கிலத்தில், ரப்பரில் புடைப்பாகப் பொறித்திருந்தது. என் கண்ணில் 44 பட்டது, அதிகபட்சம் படவில்லை. கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதுகிறான்கள் என்று வருஷா வருஷம் பிள்ளைகளைத் திட்டுகிற வாய் இது. அடுத்த முறை தம்பி கேட்டதும், "நாப்பத்து நாலு" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், காரை ஒரு பார்வை பார்த்தான்.

"நாப்பத்து நாலுங்களா?"

"டயர்லயே போட்டிருக்கு தம்பி."

அது டயர் தாங்குகிற உச்சம். ஒரே டயரை வெவ்வேறு எடையுள்ள வண்டிகளில் மாட்டுவார்கள் என்பதால், எந்த வண்டிக்கு எவ்வளவு என்பது டயரில் இருக்காது. கார் செய்தவர்கள் அதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற தூணில் ஒட்டியிருப்பார்கள். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். அந்த ஸ்டிக்கரை உரசிக்கொண்டுதான் தினமும் ஏறி இறங்கியிருக்கிறேன். தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். என் வண்டிக்கு அதில் போட்டிருந்தது 33.

44 வைத்து ஓட்டிய நாட்களில் பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏஞ்சாமி, ரோடெல்லாம் இப்படிக் கெட்டுப்போச்சு?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து ரோடு போட்டவர்களைத் திட்டினேன். கணக்குப் போட்டிருந்தால் அப்போதே விஷயம் தெரிந்திருக்கும். ஆயிரம் கிலோ எடை, 33 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ, அப்படியானால் நாலு டயரும் சேர்ந்து தரையைத் தொடுகிற இடம் உத்தேசமாக 430 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கையும் கொஞ்சமும். பிரேக் பிடிப்பது, திரும்புவது, மழையில் வழுக்காமல் நிற்பது எல்லாம் அந்த இடத்தை நம்பித்தான். அதிலும் கால் பங்கை நான் 44 வைத்துக் குறைத்திருந்தேன்.

இதற்குப் பிறகு பங்க்கை நம்புவதில்லை, சொந்தமாகக் கேஜ் வாங்கி வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவெடுத்தேன். முடிவு நல்ல முடிவுதான். வாங்கியவன் நான் என்பதுதான் கோளாறு.

முதலில் வாங்கியது பேனா மாதிரியான குச்சிக் கேஜ். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன பிஸ்டன். வால்வில் அழுத்தினால் எண் போட்ட குச்சி வெளியே துள்ளி வந்து நிற்கும். அது 30 என்றது. காற்று குறைவு என்றால் அடிக்க வேண்டும், அடிக்க வேண்டும் என்றால் குனிய வேண்டும். ஆகவே அந்தக் கேஜ் சரியில்லை என்று முடிவு செய்து, வட்ட முகப்பும் முள்ளும் உள்ள இன்னொன்று வாங்கினேன். இதற்குள் இருப்பது பிரான்சில் போர்டன் என்பவர் 1849இல் காப்புரிமை வாங்கிய வளைந்த தட்டைக் குழாய். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். அதே டயரில் இது 34 என்றது. இதுவல்லவோ கேஜ்! பிறகு சந்தேகம் அரித்ததால் டிஜிட்டல் ஒன்றும் வந்து சேர்ந்தது. அது 31.5 என்றது. ஒரு ஜோசியர் சொன்ன பலன் பிடிக்காமல் அடுத்த ஜோசியர் வீட்டுப் படியேறுகிறவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. குனிய முடியாத காலைகளில் முள் கேஜை எடுப்பேன். மனைவி, "இந்த மாசம் மைலேஜ் கம்மியா இருக்குங்களே" என்று கேட்ட வாரத்தில் குச்சிக் கேஜை எடுப்பேன். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சராசரியாக 0.2 சதவீதம்தான் குறையும். என் மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் என் வலது கால். ஆனால் 30 என்று காட்டுகிற கேஜ் கையில் இருக்கும்போது காலை யார் குறை சொல்வார்கள்?

கொடுமை என்னவென்றால், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே அளவீடுதான். ஒரு கருவி உண்மையான மதிப்புக்குப் பக்கத்தில் காட்டுவது வேறு, திரும்பத் திரும்ப ஒரே மதிப்பைக் காட்டுவது வேறு என்று இலக்குப் பலகையில் அம்பு குத்தி விளக்குவேன். வீட்டு வாசலில் அது நினைவுக்கு வரவில்லை. எதிர் வீட்டுத் தம்பி ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறான். என் மூன்று கேஜ்களையும் பார்த்துவிட்டு, "குடுங்க சார், டெட் வெயிட் டெஸ்டர்ல வச்சுப் பாத்தர்றேன்" என்று வாங்கிப்போனான். பரப்பளவு தெரிந்த பிஸ்டன்மேல் எடை தெரிந்த தட்டுகளை வைத்தால் அழுத்தம் எவ்வளவு என்பதில் வாதத்துக்கே இடமில்லை. மறுநாள் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் அரை பிஎஸ்ஐக்குள் சரி. குச்சி ஒன்றரை குறைத்துக் காட்டும், ஆனால் எப்போது வைத்தாலும் அதே ஒன்றரை. முள் கேஜ் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாது. "இது கீழ விழுந்துச்சுங்களா சார்?" என்று கேட்டான். விழுந்தது. வாங்கிய அன்றே, வண்டி ஷெட்டில், என் கையிலிருந்து. அந்தக் குழாய் ஒருமுறை கோணினால் கோணியதுதான். நான் மிகவும் நம்பிய கேஜ் அது.

கேஜ் நல்லதாக இருந்தாலும் வைக்கிற கை நேராக இருக்க வேண்டும். கார் டயர்களில் இருக்கும் ஷ்ரேடர் வால்வு 1893இல் காப்புரிமை பெற்றது. நூறு வருஷத்துக்கும் மேலாக வடிவம் மாறாமல் எனக்காகக் காத்திருந்த அந்த வால்வில் நான் கேஜைச் சாய்த்து வைப்பேன். புஸ்ஸென்று காற்று போகும். போகிற காற்றைத் தவிர்த்துவிட்டு மீதியை அளப்பேன். அளந்து அளந்தே ஒரு டயரை இரண்டு பிஎஸ்ஐ இறக்கியிருக்கிறேன்.

அளந்தால் போதுமா, அடிக்க வேண்டாமா? கால் பம்ப் ஒன்று வாங்கினேன். கார் டயருக்குள் உத்தேசமாக 30 லிட்டர் இடம். அதில் 10 பிஎஸ்ஐ ஏற்ற வேண்டுமானால் வெளிக்காற்றில் சுமார் 20 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். ஒரு மிதிக்குக் கால் லிட்டர் என்றால் 80 மிதி, அதுவும் ஒரு டயருக்கு. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னால் போடாமல், மிதித்துக்கொண்டிருக்கும்போது மூச்சிரைக்கப் போட்டேன். பம்பின் அடிப்பாகம் தொட முடியாமல் சுட்டது. அமுக்கினால் காற்று சூடாகும் என்பதும் என் பாடத்தில் உண்டு.

பிறகு காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சின்ன கம்ப்ரஸர் வந்தது. எண்ணை வைத்துவிட்டால் அந்த அளவு வந்ததும் தானே நின்றுவிடும். இந்த முறை நான் தோற்க வழியே இல்லை என்று நினைத்தேன். விடிகாலையில், கண்ணாடி போடாமல், திரையில் மூன்றும் மூன்றும் தெரிகிறவரை பொத்தானை அழுத்திவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். தெருவே எழுந்துகொள்கிற சத்தம். தலைப்புச் செய்திகள் முடிந்தன, விளையாட்டுப் பக்கம் முடிந்தது, சத்தம் நிற்கவில்லை. ஏதோ பெரிய ஓட்டையிருக்கிறது போல என்று போய்ப் பார்த்தால் டயர் கல்லாக இருக்கிறது. கண்ணாடியை எடுத்துவந்து திரையைப் பார்த்தேன். 33 இல்லை, 3.3. அலகு பார். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 3.3 பார் கிட்டத்தட்ட 48. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத விடைத்தாளில் அரை மதிப்பெண் குறைப்பவன் நான். டயர் 48ஐத் தொடாததற்குக் காரணம், அந்தக் கம்ப்ரஸர் அவ்வளவு சீக்கிரம் எதையும் முடிக்கிற ஜாதியில்லை என்பதுதான். குழாயின் முனையைக் கழற்றப்போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். பத்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள், ஆற விடுங்கள் என்று அதனோடு வந்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது. பிற்பாடு படித்தேன்.

சேலம் போன கதை இதைவிட மோசம். சித்திரை வெயில், நடுப்பகல், சங்ககிரி தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். புதுசாகக் கேஜ் வைத்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா? வைத்துப் பார்த்தால் 37. "பாத்தியா, பங்க்காரன் அதிகமா வச்சுட்டான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நாலு டயரிலும் காற்றை இறக்கி 33க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை சேலத்தில் பார்த்தால் நாலும் 29. ஓடிச் சூடான டயர் நாலு பிஎஸ்ஐ ஏறிக் காட்டுவது இயல்பு. ஸ்டிக்கரில் உள்ள எண், வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய டயருக்கு. அதிகபட்சம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கலாம், அவ்வளவுதான். காற்று குறைந்த டயரை வெயிலில் வேகமாக ஓட்டினால் அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கி இன்னும் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சூடு ஏறினால் அழுத்தம் ஏறும் என்று கரும்பலகையில் எழுதுகிற அதே கைதான் சங்ககிரியில் வால்வை அமுக்கியது.

நைட்ரஜன் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். வீல் அலைன்மெண்ட் பார்க்கப் போன கடையின் முதலாளி என் பழைய மாணவன். "சார்! நீங்களா! உக்காருங்க சார்" என்று நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். "உங்களுக்கு நைட்ரஜன் போட்டு விட்டர்றேன் சார். காத்து எறங்கவே எறங்காது." காற்றில் நைட்ரஜன் எத்தனை சதவீதம் என்பது நான் கேட்ட கேள்விதான்; 78 என்று அவன் சரியாக எழுதியவன்தான். தெரிந்தே விற்றான், தெரிந்தே வாங்கினேன். டீயைக் குடித்துவிட்டு எப்படி மறுப்பது? விமான டயரில் நைட்ரஜன் அடைப்பதற்கு நியாயம் இருக்கிறது. தரையிறங்கும்போது பிரேக் சூட்டில் ஆக்சிஜன் உள்ளே இருந்தால் தீ ஆபத்து. ஈரம் இருந்தால் மேலே போய் உறையும். காந்திபுரத்துக்கும் வடவள்ளிக்கும் இடையே ஓடுகிற வண்டிக்கு இந்த இரண்டு கவலையும் கிடையாது. காற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான்.

காசு போனது பெரிதில்லை. வால்வுகளுக்குப் பச்சை மூடி போட்டுக் கொடுத்தான். அந்தப் பச்சை மூடி எனக்கொரு கௌரவமாகிவிட்டது. பங்க்கில் தம்பி குழாயை எடுத்துவந்தால், "இது நைட்ரஜன் டயர், சாதாக் காத்து கலக்கக் கூடாது" என்று தடுத்துவிடுவேன். 78 சதவீதம் அதுவே இருக்கிற ஒன்றைக் கலந்தால் என்ன கெட்டுப்போகும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நைட்ரஜன் கடை ஊரின் மறுகோடியில். போக நேரமில்லை. ஆகவே மாதக்கணக்கில் 27, 28 என்று, மூடி பச்சையாக, டயர் தொளதொளவென்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் புது வண்டி வாங்கியவர். "எனக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்ல. கம்மியானா லைட் எரியும்" என்றார். டயர் கோளாறால் கார்கள் கவிழ்ந்த விவகாரத்துக்குப் பிறகு அமெரிக்காவில் 2000இல் சட்டம் போட்டு அந்த விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே விதியே 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும் என்பதுதான். 33 இருக்க வேண்டிய டயர் 25க்கு வருகிறவரை விளக்கு சும்மா இருக்கலாம். அவர் வண்டியில் என் டிஜிட்டல் கேஜை வைத்தேன்: 26. விளக்கு எரியவில்லை. எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

அந்தத் தெம்பில்தான் ஊட்டியில் மாட்டிக்கொண்டேன். மார்கழி விடுமுறை. கிளம்புகிற அன்று விடியற்காலையில், ஆறிய டயரில், நேராக வைத்து, அலகு பார்த்து, 33 வைத்தேன். எல்லாம் முறைப்படி. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகவே ஊட்டியில் கேஜ் கிட்டத்தட்ட மூன்று பிஎஸ்ஐ கூடக் காட்டும் என்று முதல் நாள் இரவே மைத்துனரிடம் பிரசங்கம் செய்தேன். மறுநாள் காலை மப்ளரும் டம்ளருமாகக் குடும்பமே வண்டியைச் சுற்றி நின்றது. வைத்தேன். 33. அடுத்த டயர், 33. மூன்றாவது, 33.5.

"அப்ப ஒண்ணுமே ஆகலைங்களா மச்சான்?" என்றார் மைத்துனர்.

எனக்கு விடை கிடைத்தது இறங்கும்போது, பர்லியாறு வளைவில். கோவைக் காலைக்கும் ஊட்டிக் காலைக்கும் பதினைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். அந்தக் குளிர் இரண்டரை பிஎஸ்ஐ இறக்கியது. உயரம் ஏறக்குறைய அதே அளவு ஏற்றியது. ஒன்றை மற்றொன்று தின்றுவிட்டது. இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்துகிறவன்தான். உற்சாகமாக விளக்கினேன். மைத்துனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லாம இருந்திருந்தாலும் முப்பத்து மூணுதானுங்களே?" என்றார்.

ஸ்டெப்னி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது அவ்வளவு கௌரவமான கதையில்லை. பல்லடம் சாலையில் ஆணி ஏறியது. ஸ்டெப்னியை இறக்கினால் அது தரையில் அப்படியே படுத்துக்கொண்டது. நல்ல டயரிலேயே ரப்பர் வழியாக மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கசியும். வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. "இதுல காத்தே இல்லைங்க" என்றாள் மனைவி. "இல்லைன்னு சொல்ல முடியாது. வெளிய இருக்கற அளவுக்கு உள்ளயும் இருக்கு, சுமார் 14 பிஎஸ்ஐ" என்றேன். அறிவியல்படி சரியான பதில். அவள் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அந்த வழியாக வந்த லாரியின் கிளீனர் இறங்கி, பிரேக்குக்கான காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு குழாயை இழுத்துவந்து ஸ்டெப்னியை நிரப்பினார். கடைசியில் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். குமிழ் வந்தது. வால்வு பின்னை ஒரு திருகு திருகி மறுபடி எச்சில் வைத்தார். வரவில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "அந்தக் கேஜ எல்லாம் எதுக்குங்ணா வாங்கி வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது மாதம் ஒருமுறை, பெரும்பாலும் ஞாயிறு காலை, டிஜிட்டல் கேஜோடு உட்காருகிறேன். ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான், அதைச் சொல்லாவிட்டால் மனைவி இதைப் படிக்கும்போது கேட்பாள். மாடி வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒருநாள், "சார், நம்ம வண்டிக்கும் பாத்து விடுங்களேன்" என்றார். அப்போதுதான் ஈரோட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தார். சூடான டயரில் பார்க்கக் கூடாது, காலையில் வாருங்கள் என்று கால்மணி நேரம் விளக்கினேன். தலையாட்டிவிட்டு நேரே பங்க்குக்குப் போய் வந்தார். "ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுதுங்க. முப்பத்தஞ்சு வச்சுட்டாங்க."

உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கம்பெனி ஒட்டியிருக்கும், வாருங்கள் காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் திறந்தேன். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில், அதை முழுக்க மறைத்து, சீட் கவர் போட்ட கடைக்காரர் தன் விளம்பரத்தை ஒட்டியிருந்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் இருந்த எண்ணும் சேர்ந்து உரிந்து வந்தது.